காயில் கடைக்கு ஒரு டெண்டர்

போச்சம்பள்ளி என்றால் வெளியூர்க்காரர்கள் உடனே பட்டுப்புடவை விலை கேட்கிறார்கள். அது தெலங்கானாவில் இருக்கும் போச்சம்பள்ளி. எங்கள் போச்சம்பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. தென்னை, மாந்தோப்பு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, சிப்காட், அப்புறம் ‘கரன்ட் போச்சு’. புகாரைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு பிறந்த ஊர் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

சந்தை நாளில் ஆட்டுக்கும் கோழிக்கும் நடுவே நசுங்கி நடந்து வெளியே வந்தால் ஒரு காயில் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் குவிந்திருக்கும் கருகிய செம்புக் கம்பியே பலகை. போன மாதம் ஒரு ஞாயிறு, பாரூர் ஏரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் குட்டியானை வண்டியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஏழரை எச்.பி. மோட்டார். விவசாயிக்கு ஏழரை எப்போதும் எச்.பி. வடிவில்தான் வருகிறது.

கடைக்கார அண்ணன் ஸ்பேனரை எடுக்கவில்லை. முதலில் அலமாரியில் இருந்து நீளமான ஒரு பைண்டு நோட்டை எடுத்தார். எண்ணெய்க் கறை படிந்து அட்டை கிழிந்த நோட்டு. பக்கங்களைத் திருப்பி விரலை வைத்தார். “2011-ல காயில் மாத்திருக்கு. 2017-ல பேரிங். அப்பவே ரோட்டர் லேசா உரசுதுன்னு எழுதி வச்சிருக்கேன் பாருங்க பெரியப்பா.” பிறகுதான் மெக்கரை மாட்டிச் சுற்றிப் பார்த்தார். முள் அசையவில்லை.

“டூ பேஸ்ல ஓட்டியிருக்கீங்க.”

“நான் எங்கப்பா ஓட்டுனேன்? ராத்திரியில கரன்ட் வந்துச்சு, ஆட்டோ ஸ்டார்ட்டர், அதுவாத்தான் ஓடுச்சு. அதுவாத்தான் எரிஞ்சிச்சு.”

பழைய காயிலை உருவி எடுக்க வேண்டும். ஸ்லாட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதுக் காப்புத்தாள் வைக்க வேண்டும். முன்னைவிடச் சூடு தாங்கும் கம்பியாகப் பார்த்துச் சுற்ற வேண்டும். வார்னிஷ் ஊற்றி, காயவைத்து, பேரிங் மாற்றி, தேய்ந்துபோன இம்பெல்லரையும் மாற்றினால் போதும். “இருபத்தஞ்சு வருச மோட்டார்தான். ஆனா பாடி கட்டைமாதிரி இருக்கு. புதன்கிழமை வந்து தூக்கிக்கிட்டுப் போங்க. முன்னவிட நல்லாவே தண்ணி தள்ளும்.”

அவருக்குத் தெரியாது. அவர் இப்போது சொன்ன இதே காரியத்துக்கு அரசாங்கத்தில் ஒரு ரயில் நீளப் பெயர் இருக்கிறது: ரெனவேஷன், மாடர்னைசேஷன், அப்ரேட்டிங் அண்ட் லைஃப் எக்ஸ்டென்ஷன். தமிழில் புனரமைப்பு, நவீனமயம், திறன் உயர்வு, ஆயுள் நீட்டிப்பு. மலையடிவாரங்களில் உட்கார்ந்திருக்கும் நம் பழைய நீர்மின் நிலையங்களுக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மோட்டாரை மின்சாரம் சுழற்றுகிறது, அங்கே எந்திரத்தைத் தண்ணீர் சுழற்றுகிறது. வித்தியாசம் அளவிலும் திசையிலும் மட்டும். பெரியவரின் மோட்டாருக்கு மூன்று நாள். அவற்றுக்கு எத்தனை நாள் என்று கேட்கும் குடிமகனுக்கு முதலில் புனரமைப்பு தேவைப்படும்.

இந்த மின்நிலையக் கிழவர்களின் கதையைச் சுருக்கமாகவாவது சொல்லிவிட வேண்டும். நாம் யாரை வாசல் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு மறந்துபோனோம் என்பது தெரிய வேண்டுமல்லவா?

முதல் கிழவர் எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். மைசூர் சமஸ்தானத்துச் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழும் இடத்தில் 1902 ஜூன் 30 அன்று அந்த மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அங்கிருந்து 147 கிலோமீட்டர் தள்ளிக் கோலார் தங்க வயலுக்குக் கம்பி இழுத்தார்கள். அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களில் அது ஒன்று. எந்திரங்கள் சீமையிலிருந்து கப்பலில் வந்து, கடைசியில் யானையும் மாட்டு வண்டியும் இழுக்க, காட்டுக்குள் போய்ச் சேர்ந்தன. திட்டத்துக்குப் பின்னால் நின்ற திவான் சேஷாத்ரி ஐயர் 1901 செப்டம்பரிலேயே இறந்துவிட்டார். கரன்ட் ஓடியதை அவர் பார்க்கவில்லை. அவர் இல்லாமலும் அது ஓடியது. இன்றைக்கு என்றால் சுவிட்சைத் தட்டப் பெரிய மனிதர் இல்லை என்று ஆற்றையே ஒத்திவைத்திருப்போம்.

அந்தக் கரன்ட் முதலில் போனது தங்கத்துக்கு. பெங்களூர்த் தெருவிளக்குக்கு 1905-இல்தான் வந்தது. சுரங்கத்தின் இருட்டில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். தங்கச் சுரங்கத்துக்கு ஆண்டு முழுவதும் குறையாத கரன்ட் வேண்டும், அதற்குக் குறையாத தண்ணீர் வேண்டும் என்பதும் கண்ணம்பாடி அணை எழுந்ததற்கு ஒரு காரணம். காவிரி வழக்கின் ஒரு வேர் இங்கே ஓடுகிறது. 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கம் தீர்ந்தது, வழக்கு தீரவில்லை. நூறு வருடமாக ஓவராயில் இல்லாமல் ஓடும் எந்திரம் நம்மிடம் அது ஒன்றுதான்.

இந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில் முதல் நீர்மின்சாரம் நீலகிரியில் காட்டேரி அருவியிலிருந்து வந்தது. போன இடம் அருவங்காடு வெடிமருந்து ஆலை. காட்டேரி கொடுத்து வெடிமருந்து வாங்கிக்கொண்ட கரன்ட்டோடு நம் மின் வரலாறு தொடங்குகிறது. ஜாதகம் அப்படி.

அப்புறம் 1932-இல் பைகாரா. சர் சி.பி. ராமசாமி ஐயர் அரசாங்கத்துக்குள் இருந்து வாதாடினார், தலைமைப் பொறியாளர் ஹோவர்டு மலையில் ஏறி நின்றார். 3,080 அடி உயரத்திலிருந்து தண்ணீர் குழாய்க்குள் பாய்ந்து கீழே சிங்காராவில் பெல்டன் சக்கரத்தின் கரண்டிகளில் வந்து மோதுகிறது. கோயம்புத்தூரில் நூற்பாலைகள் முளைத்ததற்கும் கிணற்று மேட்டில் கமலை போய் பம்ப் செட் வந்ததற்கும் பைகாராக் கம்பிக்குப் பெரிய பங்கு உண்டு. 1937-இல் மேட்டூர் அணை மின்நிலையம். எங்கள் ஊரெல்லாம் அப்போது சேலம் ஜில்லா. ஜில்லாவுக்கு வெளிச்சம் அந்தத் திசையிலிருந்து வந்தது. 1944-இல், உலக யுத்தத்தின் நடுவில், பாபநாசம். ஐரோப்பாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது தாமிரபரணியில் டர்பைன் பூட்டினார்கள். இன்று மழை தூறினால் வேலை நிற்கிறது.

இந்தக் கிழவர்கள் வெறும் காட்சிப் பொருள் அல்ல. தமிழ்நாட்டில் நீர்மின் திறன் மொத்தம் 2,300 மெகாவாட்டுக்குச் சற்று மேல். 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஒன்பதில் ஒரு பங்குதானே என்று உதட்டைப் பிதுக்கலாம். அந்தப் பங்கு எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சூரியத் தகடு சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையைக் கட்டிவிடுகிறது. காற்றாலை காற்றின் மூடைப் பொறுத்தது. நிலக்கரி நிலையத்தை நின்ற இடத்திலிருந்து எழுப்ப மணிக்கணக்கு ஆகும். மதகைத் திறந்தால் சில நிமிடத்தில் முழு வேகத்தில் சுற்றும் தண்ணீர் எந்திரம். ஊரே இருண்டுபோனால் வெளிக் கரன்ட் எதுவும் இல்லாமல் தானாக எழுந்து மற்றவர்களையும் எழுப்பி விடக்கூடியது அது. வீட்டில் எல்லோரும் படுத்துவிட்ட பிறகு ஒரு கிழவி எழுந்து விளக்கேற்றுவாளே, அதுமாதிரி. அந்தக் கிழவிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்கத்தான் நமக்குக் கமிட்டி வேண்டியிருக்கிறது.

முடியாத வேலையா? காயில் அண்ணனுக்கே தெரியும் முடியும் என்று. அந்தக் காலத்து ஜெனரேட்டரில் மைக்காவும் தாரும் கலந்து செம்பின் மேல் தடிமனாகச் சுற்றியிருப்பார்கள். ஸ்லாட்டில் பாதி இடத்தைக் காப்பே தின்றுவிடும். இப்போது எப்பாக்ஸிக் காப்பு மெலிதாக இருக்கிறது, சூடும் தாங்குகிறது. அதே ஸ்லாட்டில் கூடுதல் செம்பு உட்காரும், கூடுதல் கரன்ட் ஓடும். தண்ணீர்க் குமிழ்கள் வெடித்து வெடித்து அம்மைத் தழும்பாக்கிய பழைய டர்பைன் ரன்னரைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் வளைவு கணக்கிட்டு வார்த்த புது ரன்னரைப் பூட்டினால் அதே தண்ணீர் கூடுதலாக உழைக்கும். புதிதாக ஒரு அணை வேண்டாம், ஒரு ஏக்கர் காடு வேண்டாம், ஒரு கிராமத்தையும் மூழ்கடிக்க வேண்டாம். மேட்டூர் அணை நிலையத்தில் இப்படித்தான் 40 மெகாவாட் 50 ஆனது. பாபநாசத்தில் 28 மெகாவாட் 32 ஆனது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் ஓடும் லோயர் கேம்ப் நிலையத்தில் 35 மெகாவாட் எந்திரங்களை 42 மெகாவாட்டுக்கு ஏற்றினார்கள். நடந்ததெல்லாம் நம் மின்வாரியத்தில்தான்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில். தெரியாதவன் செய்யாவிட்டால் பரிதாபம். செய்யத் தெரியும், செய்தும் காட்டியாயிற்று. அதன் பிறகும் அடுத்த எந்திரத்தின் கோப்பு மேஜை மேஜையாகத் தீர்த்த யாத்திரை போகிறது என்றால் அதற்கு வேறு பெயர்.

ஆயுள் நீட்டிப்பில் நம்மவர்கள் சாதனையே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2014-ஆம் ஆண்டுக் கட்டண விதிகளில் நீர்மின் நிலையத்தின் பயன்பாட்டு ஆயுள் 35 ஆண்டு என்று இருந்தது. 2019 விதிகளில் அது 40 ஆண்டு ஆனது. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல், ஒரு சொட்டு எண்ணெய் செலவில்லாமல், அந்த விதிக்குள் வரும் நீர்மின் எந்திரங்களுக்கெல்லாம் ஒரே ராத்திரியில் ஐந்து வயது கூடிப்போயிற்று. எமதர்மன் மார்க்கண்டேயனிடம் தோற்றதாகக் கேள்விப்பட்டிருக்கிறோம். டைப்பிஸ்ட்டிடம் தோற்றது இதுதான் முதல் தடவை. கணக்குப் புத்தகத்துக்கு அது சரியாக இருக்கலாம், தேய்மானத்தைப் பரப்பி எழுத வேண்டியிருக்கும். பேரிங் கணக்குப் புத்தகம் படிப்பதில்லை.

சரி, இவ்வளவு சிரமம் எதற்கு? அரசாங்க முறையையே எங்கள் காயில் கடைக்குக் கொண்டுவந்துவிடலாம். நிர்வாகம் நவீனமாகட்டும்.

பெரியவர் மோட்டாரை இறக்குகிறார். அண்ணன் அதைத் தொடக்கூடாது. முதலில் மோட்டார் எரிந்துள்ளதா என்பதற்கு ஆரம்பநிலை அறிக்கை. அடுத்து ‘எஞ்சிய ஆயுள் மதிப்பீடு’. அதற்கு டெல்லியிலிருந்து ஆலோசகர் வருவார். சந்தை நாளாகப் பார்த்து வந்து மாம்பழக் கூடையோடு திரும்புவார். எட்டு மாதம் கழித்து முந்நூறு பக்க அறிக்கை வரும். முடிவுரையில், மோட்டார் எரிந்திருப்பதற்கான சாத்தியக்கூறுகள் உள்ளன என்று இருக்கும்.

அதை வைத்து விரிவான திட்ட அறிக்கை. திட்ட அறிக்கையை வைத்து நிர்வாக ஒப்புதல். நிர்வாக ஒப்புதலை வைத்து நிதி ஒப்புதல். இதற்குள் செம்பு விலை ஏறிவிட்டபடியால் திருத்திய மதிப்பீடு. திருத்திய மதிப்பீட்டுக்கு மறுபடி நிர்வாக ஒப்புதல். அப்புறம் டெண்டர். ஒரே ஒரு ஆள் போட்டால் சிங்கிள் டெண்டர், செல்லாது. மூன்று பேர் போட்டால் ஒருவர் கோர்ட்டுக்குப் போவார். தடை நீங்கி வரும்போது மோட்டார் கம்பெனியே மூடிப்போயிருக்கும், வரைபடம் கிடைக்காது. வரைபடம் இல்லாததற்குக் காரணம் கேட்டுச் சம்பந்தப்பட்ட பிரிவுக்குக் கடிதம் போகும். அந்தப் பிரிவு மூன்று வருடம் முன்பே வேறொரு பிரிவோடு இணைக்கப்பட்டிருக்கும்.

வேலை முடியும் ஒருநாள். இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது ஆடிட் வரும். மோட்டார் ஓடுகிறதா என்று கேட்காது. உருவி எடுத்த பழைய செம்பு எடை குறைகிறதே, எங்கே என்று கேட்கும். மொத்த நடைமுறையிலும் கிராம் சுத்தமாக எடை போடப்பட்ட பொருள் அந்தக் குப்பைச் செம்பு ஒன்றுதான். கடைசியில் பந்தல், மாலை, கல்வெட்டு. திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் என்று வரிசையாகப் பெயர்கள். காயில் கட்டியவன் பெயருக்குக் கல்லில் இடம் இருக்காது. பெரியவரின் தென்னைகள் அதற்குள் மொட்டைக் கம்பமாகியிருக்கும். பரவாயில்லை, கொடி கட்ட உதவும்.

சிரித்துவிட்டீர்களா? சிரிப்பை இத்தோடு நிறுத்திக்கொள்வோம். இனி வருவது போல்ட் விஷயம்.

ருஷ்யாவில், சைபீரியாவில், சயானோ-சுஷென்ஸ்காயா என்று ஒரு நீர்மின் நிலையம். 6,400 மெகாவாட். 2009 ஆகஸ்ட் 17 காலையில் அதன் இரண்டாம் எண் டர்பைன் மூடியைப் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பியது. தண்ணீர் எந்திர மண்டபத்துக்குள் புகுந்தது. 75 பேர் செத்தார்கள். மூடியை இறுக்கிப் பிடித்திருந்த போல்ட்டுகளில் 49-ஐ எடுத்துச் சோதித்தார்கள். 41-இல் களைப்பு விரிசல். அந்த எந்திரத்துக்கு நிர்ணயித்த ஆயுள் 30 ஆண்டு. அது முடிய இரண்டே மாதம் பாக்கி இருந்தது. காகிதப்படி அது சாகக்கூடிய நாள் அன்று இல்லை. இன்னொன்றும் உண்டு. உடைவதற்கு முன் அந்த எந்திரம் அனுமதித்த அளவைப் போல நான்கைந்து மடங்கு அதிர்ந்துகொண்டிருந்தது. கருவி அதைக் குறித்துக்கொண்டும் இருந்தது. எந்திரம் கத்தியது, கருவி எழுதியது, படிக்க வேண்டியவர் படிக்கவில்லை.

ருஷ்யா தூரம் என்றால் கிட்டத்தில் வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் தென்பெண்ணையில் கிருஷ்ணகிரி அணை இருக்கிறது. காமராஜர் ஆட்சிக் காலத்து அணை. 2017 நவம்பர் 29 அன்று, தண்ணீர் ததும்பி நின்ற நேரத்தில், எட்டு மதகுகளில் முதல் மதகின் ஷட்டர் உடைந்தது. வருஷக்கணக்கில் காத்திருந்து சேர்ந்த தண்ணீர் பாசனத்துக்கு ஆகாமல் ஆற்றோடு போனது. ஷட்டருக்கு அறுபது வயது. அடுத்த வருடம் 2018 ஆகஸ்ட் 22, திருச்சி முக்கொம்பில் கொள்ளிடத்துக் கதவணையில் ஒன்பது மதகுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திராவில் 19-ஆம் எண் மதகின் சங்கிலி அறுந்து, மதகே அடித்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதே தடுப்புப் பலகை இறக்க யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? எண்பதை நெருங்கிய, ஓய்வுபெற்ற ஒரு பொறியாளரை. மதகு பழசானால் குற்றம் மதகின் மேல். மதகு உடைந்தால் தேடுவது பழைய ஆளை.

ஒவ்வொரு தடவையும் நமக்குக் கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: வயசாகிவிட்டது. முக்கொம்பிலிருந்து கொஞ்ச தூரம் கிழக்கே போனால் கல்லணை. கரிகாலன் கட்டியதாகச் சொல்கிறோம். அதற்கு யாரும் இன்னும் வயதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது, பாவம், நிற்கிறது. வயது எதையும் உடைப்பதில்லை. கிரீஸ் வைக்காத நாள் உடைக்கிறது. பெயின்ட் அடித்ததாக எழுதிய பில் உடைக்கிறது. ‘உரசுகிறது’ என்று ஒருவன் எழுதி அனுப்பிய தாளின் மேல் டீ கிளாஸை வைத்தவன் உடைக்கிறான்.

ஏனென்றால் எழுதுகிறார்கள். மலைக்குக் கீழே, அட்டைக் கடியிலும் யானைத் தடத்திலும் இருக்கும் அந்த நிலையங்களில் ஷிப்டுக்கு வருபவர்கள் மணிக்கொரு தடவை எழுதுகிறார்கள். பேரிங் சூடு இவ்வளவு, எண்ணெய் அழுத்தம் இவ்வளவு, ஸ்டேட்டர் சூடு இவ்வளவு. பண்டிகை நாளிலும் எழுதுகிறார்கள். வாரியத்தில் ஆயிரக்கணக்கில் இடம் காலி, மூன்று பேர் வேலையை ஒருவர் பார்த்தாலும் லாக் புத்தகம் காலியாக இருப்பதில்லை. எந்திரத்தின் வாய் அந்தப் புத்தகம். பல பத்தாண்டுப் பேச்சு அதில் இருக்கிறது. அது மேலே போகிறது, மூட்டை கட்டப்படுகிறது, கரையானுக்கு வாசிக்கக் கொடுக்கப்படுகிறது. பிறகு அதே எந்திரத்துக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்க வெளியூரிலிருந்து ஆலோசகர் வருகிறார். கீழே இருப்பவன் எழுதியதைப் படித்தால் செலவில்லை. செலவில்லாத காரியத்தில் யாருக்கு என்ன லாபம்?

நவீனமயம் எதுவுமே நடக்கவில்லை என்று மட்டும் யாரும் குற்றம் சொல்ல முடியாது. பெயர்ப்பலகைகள் சிறப்பாக நவீனமாகியிருக்கின்றன. 1957 ஜூலை 1-ஆம் தேதி தமிழ்நாடு மின்சார வாரியம் பிறந்தது, அதாவது அன்றைய மதராஸ் மின்சார வாரியம். 2010-இல் அதைப் பிரித்து உற்பத்தி, பகிர்மானத்துக்கு ஒரு கழகம், மின்தொடரமைப்புக்கு ஒரு கழகம். 2024-இல் முதல் கழகத்தையும் பிரித்து உற்பத்திக்கு ஒன்று, பசுமைக்கு ஒன்று, பகிர்மானத்துக்கு ஒன்று. லெட்டர் பேடு புதுசு, ரப்பர் ஸ்டாம்பு புதுசு, லோகோ புதுசு. லட்சம் கோடியைத் தாண்டிய கடன் மட்டும் பழசு. ரன்னர் மாற்ற வருடக்கணக்கில் யோசிக்கும் நாடு போர்டு மாற்ற ஒரு வாரம் யோசிப்பதில்லை.

புதிய திட்டங்களுக்கும் பஞ்சம் இல்லை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேசிய நீர்மின் கழகம் காவிரியில் நான்கு திட்டம் போட்டது. சிவசமுத்திரம் 270, மேகதாது 400, எங்கள் மாவட்ட எல்லையில் ராசிமணல் 360, ஒகேனக்கல் 120. ஆக 1,150 மெகாவாட். காகிதத்தில் அந்த அணைகள் இன்றுவரை ஒரு விரிசல் விடவில்லை, தூர் வாரத் தேவையில்லை, ஷட்டர் உடையும் பயமும் இல்லை. அவற்றுக்காக இரண்டு மாநிலமும் தேர்தலுக்குத் தேர்தல் சண்டை போடுகின்றன. எழுபது எண்பது வருடமாக மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்துக்காக எந்தக் கட்சியும் ஒரு தெருமுனைக் கூட்டம்கூடப் போட்டதில்லை. பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைக்கும் சண்டையில் பெற்றவளுக்குக் கஞ்சி ஊற்ற ஆளில்லை.

எங்கள் ஊருக்கு 2021-இல் எதிர்காலமே நேரில் வந்து இறங்கியது. 500 ஏக்கரில் மின்சார ஸ்கூட்டர் ஆலை. புகையில்லாத வண்டி, பசுமை வண்டி. நல்லதுதான், எங்கள் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டியை வாங்கியவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய் ராத்திரி ஏழு மணிக்குச் சார்ஜ் போடுகிறார். ஏழு மணிக்குச் சூரியன் இல்லை. அந்த நேரத்துக் கரன்ட்டில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. வண்டி பீடி குடிப்பதில்லை, அதன் தாத்தா வடசென்னையில் உட்கார்ந்து குடிக்கிறார். ஏழு மணிக்குப் புகையில்லாத கரன்ட் தரக்கூடிய ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். நீலகிரியிலும் மேட்டூரிலும் ஆனைமலைக் காடம்பாறையிலும் இருக்கிறார்கள். காடம்பாறை இன்னும் ஒரு படி மேல். ஊரில் கரன்ட் மிஞ்சும் நேரம் தண்ணீரை மலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது இறக்கி ஓட்டும் 400 மெகாவாட் நிலையம். 1980-களின் கடைசியிலேயே கட்டி முடித்தோம். இன்று உலகமே அதைப் புதுக் கண்டுபிடிப்புபோலக் கொண்டாடுகிறது. நாம் அதே வகையில் 500 மெகாவாட்டுக்குக் குந்தாவில் ஒன்றைப் பல வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். குந்தா என்ற பெயருக்கு மரியாதை செய்து வேலையும் குந்திக்கொண்டே நடக்கிறது.

மதகுகளையும் யாரும் மறந்துவிடவில்லை. 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆய்வு, கமிட்டி, அறிக்கை எல்லாம் அதில் உண்டு. இனி மதகுகள் சட்டப்படி உடையும் என்று நம்பலாம்.

புதன்கிழமை சாயங்காலம் நானும் கடைக்குப் போனேன். பெரியவர் எனக்கு முன்பே வந்து காலி டின் மேல் உட்கார்ந்திருந்தார். மோட்டார் தயாராக இருந்தது. வார்னிஷ் வாசனை சந்துவரை வந்தது. அண்ணன் நோட்டைத் திறந்து தேதி, கம்பி கேஜ், சுற்று எண்ணிக்கை, செம்பு எடை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். நான் பைகாரா, மேட்டூர்க் கதையெல்லாம் சொன்னேன். பெரிய டர்பைன்களிலும் இதே காயில், இதே பேரிங் என்றதும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

“அங்கியும் நோட்டு வச்சிருப்பாங்க இல்லண்ணா?”

“மணிக்கு ஒருவாட்டி எழுதறாங்க.”

“மணிக்கு ஒருவாட்டியா!” அவருக்குத் தன் நோட்டின் மேல் கொஞ்சம் வெட்கம் வந்தமாதிரி இருந்தது. ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானில் கையை வைத்துக்கொண்டே கேட்டார். “அப்ப ஏண்ணா எரியற வரைக்கும் வுடறாங்க? நான் இந்த மோட்டாரப் பிரிக்கறதுக்கு முன்னாடியே நோட்டப் பாத்துதானே ரோட்டர் உரசுதுன்னு கண்டுபிடிச்சேன். அத யாரு படிக்கறாங்க?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விளக்கு அணைந்தது. மின்விசிறி நாலு சுற்று சுற்றி நின்றது. டின் மேலிருந்து பெரியவரின் குரல் மட்டும் வந்தது: “போச்சு.”

அண்ணன் சலித்துக்கொள்ளவில்லை. செல்போன் டார்ச்சைப் போட்டுப் பல்லில் கடித்துக்கொண்டு நோட்டில் கடைசி வரியை எழுதினார். எட்டிப் பார்த்தேன்.

‘புதன், சாயங்காலம் 6.20. கரன்ட் இல்லை. டெஸ்ட் பாக்கி.’